பின்னால் ஒரு காலியிடம்

காலையிலிருந்து பத்து முறை வெட்டுப்பட்டு, பதினோராவது முறையும் வெட்டுப்பட வந்து நிற்பது யார், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஆடுபுலி ஆட்டத்தில் ஆடாக இருக்கும் கீறல் விழுந்த புளியங்கொட்டைதான். தனியாகவே இரண்டு பக்கமும் ஆடும் சிறுமி குழலி, எப்போதும் அதைத்தான் புலிக்கு இரையாக முன்னே தள்ளுவாள்.

அன்று அவளுக்குச் சலித்துவிட்டது. "இனி நீங்களே யோசிச்சு நகருங்க," என்றாள் காய்களிடம்.

கொட்டைகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றுகொண்டன. ஆட்டுக்குப் பின்னால் காலியிடம் இருந்தால்தானே புலி தாண்டி வெட்ட முடியும்?

"ஒருத்தனும் முன்னால வரமாட்டீங்களாடா?" என்றது புலியாக இருந்த கூழாங்கல்.

"இன்னிக்கு உங்களுக்குப் பட்டினிதான், புலியண்ணே," என்று கீறல் கொட்டை முதல்முறையாகச் சிரித்தது.

குழலி வெகுநேரம் பார்த்தாள். யாரும் சாகவில்லை.

"இதெல்லாம் ஒரு சண்டையா," என்றாள். கீறல் கொட்டையை எடுத்துப் புலியின் முன்னால் வைத்து, அதன் பின்னால் ஓர் இடத்தைக் காலியாக விட்டாள்.