பெரிய குண்டுத் துப்பாக்கி

ஏர்கன் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு துப்பாக்கிகள் கிடக்கின்றன. "எலிக்கு இந்தச் சின்னக் குண்டே போதும் பெரியவரே, வேகம் ஜாஸ்தி," என்கிறான் கடைக்காரன். கோழிப்பண்ணைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. "போன தடவையும் இதத்தான சொல்லி என் தலையில கட்டின? குண்டு ஊசி மாதிரி உள்ள போயி வெளிய வந்துடுது. அடிபட்ட எலி மறுநாள் நொண்டிக்கிட்டே வந்து குஞ்சு கழுத்தக் கடிக்குது. உன் வேகத்த நீயே வச்சிக்க." பெரிய குண்டுத் துப்பாக்கியை எடுத்துத் தொடையில் ஊன்றி, ஸ்பிரிங்கை ஏற்றக் குழலை மடக்கப் பார்க்கிறார். ஸ்பிரிங் பாதிக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது. மறுபடியும் அழுத்துகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, குழல் திமிறிப் பழைய இடத்துக்கே போகிறது. கடைக்காரன் சிரிப்பை மறைக்கத் துணியெடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிறான். "துருப்பிடிச்ச சரக்க வச்சிக்கிட்டு இளிப்பு வேற," என்று உறுமுகிறார். கூட வந்த மனைவி, தீவனத் தூசி ஒட்டிய பையைக் கீழே வைக்கிறாள். துப்பாக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கி, இடுப்பில் முட்டுக்கொடுத்து ஒரே அழுத்தாக அழுத்துகிறாள். ஸ்பிரிங் முழுக்க இறங்கி டக்கென்று மாட்டிக்கொள்கிறது. "நான் மடக்கித் தரேன், நீங்க சுடுங்க. குஞ்சு சாகுறத இன்னும் எத்தன நாள் பாத்துக்கிட்டு இருக்குறது?" அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கடைக்காரனை எரித்துவிடுவதுபோல் முறைக்கிறார். "என்னடா மரம் மாதிரி நிக்கிற? பெரிய குண்டு ரெண்டு டப்பா எடு."