கடைசி கேன்

“அந்தச் சிவப்புத் துணி கட்டின கேனை மட்டும் தொடாதண்ணே. அது கடைசியா ஊத்தறதுக்கு” என்றான் யாசர்.

குட்டியானை வண்டியிலிருந்து நீல கேன்களை இறக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் எட்வர்ட் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அந்த கேன் மூடியில் மட்டும் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டிருந்தது. “இன்னா தம்பி, ஆசிட்டா?”

“உங்க மேனேஜருக்கு நான் எடுத்தாந்த சீரு. ஊத்தறப்போ நீயே பாரு.”

யாசருக்குப் பழவேற்காடு. கடல் மீன் தொட்டி வைத்துக் கொடுப்பது தொழில். கும்மிடிப்பூண்டியில் இந்தக் கெமிக்கல் கம்பெனியின் வரவேற்பறையில் தொட்டி வைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பாதி விலைக்கு ஒத்துக்கொண்டு ஓடி வந்தான். இந்த கேட்டுக்குள் நுழைய எத்தனை நாளாகக் காத்துக் கிடந்தவன்!

இந்தக் கம்பெனியின் கழிவுநீர்க் கால்வாய் பழவேற்காடு ஏரியில் போய் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அவனுடைய வாப்பா அப்துல் வஹாப் இறால் பண்ணை வைத்திருந்தார். போன வருஷம் அத்தனை இறாலும் ஒரே நாளில் செத்து மிதந்தது. நியாயம் கேட்கப் போனவரை, ஊரே கூடி நிற்க, ஜெனரல் மேனேஜர் வரதன் கைநீட்டிச் சொன்னார்: “எங்க தண்ணி குடிக்கிற தண்ணி மாதிரி. நஷ்டஈட்டுக்கு ஆசைப்பட்டு இந்த ஆளே மருந்து ஊத்திக் கொன்னிருக்கான்.”

கொலைகாரப் பட்டம்! அன்றைக்கு வீட்டுக்குள் போன வாப்பா, வெள்ளிக்கிழமை தொழுகைக்குக்கூடப் பள்ளிவாசல் பக்கம் வருவதில்லை.

காலையில் கிளம்பும்போது தங்கை சமீனா வழிமறித்தாள். “வாணாம்ணே. மீனு இன்னா பாவம் பண்ணுச்சு?”

“நம்ம இறாலு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? தள்ளு!”

வரவேற்பறையில் தொட்டி தகதகவென்று இருந்தது. மணல் பரப்பி, கல் அடுக்கி, ஒரு மாதம் வெறும் உப்புத் தண்ணீரை ஓடவிட்டுப் பக்குவப்படுத்தி, நேற்றுதான் மீன்களை விட்டிருந்தான் யாசர். சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறி வந்த மீன்கள். வரதன் பெற்ற பிள்ளையைக்கூட இப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார். தண்ணீர் விஷயத்தில் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: “ஏரிப் பக்கமே போகக்கூடாது. முகத்துவாரம் தாண்டி, நடுக்கடல்ல எடுத்துட்டு வா.”

யாசர் தலையை ஆட்டினான்.

இன்றைக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மா சோதனைக்கு வந்திருந்தார். அவர் வரும் நாளைப் பார்த்துத்தான் தொட்டிக்கே நாள் குறித்திருந்தார்கள். சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அவர் முன்னால் வரதன் குழைந்துகொண்டிருந்தார்.

“கடல்னா எங்களுக்கு உயிர் மேடம். எங்க கால்வாய்த் தண்ணியில ஒரு குத்தம் இருந்தா என் பேரை மாத்திக்கறேன்.”

யாசர் ஸ்டூலில் ஏறி, தொட்டியில் குறைந்திருந்த மட்டத்துக்கு ஒவ்வொரு கேனாக ஊற்றினான். கடைசியில் சிவப்புத் துணி கேனைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்தான். வாசலில் நின்ற எட்வர்ட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

“சார், இது ஒண்ணு மட்டும் வேற எடத்துத் தண்ணி” என்றான் உரக்க. “டைம் இல்ல. உங்க காவா ஏரியில வந்து உழுதில்ல, அங்கயே புடிச்சிக்கினு வந்துட்டேன். ஊத்திரவா?”

“டேய்ய்!” வரதன் எழுந்த வேகத்தில் அவருடைய டீ கிளாஸ் உருண்டது. ஓடி வந்து கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஊத்தாதேடா பாவி! ஒரு சொம்பு விழுந்தாலே அத்தனையும் செத்துடும்!”

“குடிக்கிற தண்ணி மாதிரின்னு சொல்லிக்கினு இருந்தீங்களே சார்?”

“அது ஊருக்குச் சொல்றதுடா! அந்தத் தண்ணியில எதுடா உயிரோட இருக்கும்? எறக்கு கீழ!”

சொன்ன பிறகுதான் வரதனுக்குச் சுரீரென்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரியம்மா தன் கிளாஸைக் கீழே வைத்திருந்தார். “அப்போ, இறால் பண்ணைக்காரர் மருந்து ஊத்தினார்னு எங்க ஆபீஸ்ல வந்து சொன்னீங்களே... அது யாருக்குச் சொன்னது?”

வரதனின் பிடி கேனிலிருந்து நழுவியது.

“அந்தப் பண்ணைக்காரரு எங்க வாப்பாம்மா” என்றான் யாசர்.

அதிகாரியம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வாங்க வரதன். முதல்ல உங்க கால்வாயைப் பார்ப்போம். அப்புறம் இந்தத் தம்பி வீட்டுக்குப் போகணும்.”

யாசர் கேனை இறக்கித் தரையில் வைத்தான். சிவப்புத் துணியை அவிழ்த்து, ஓட்டை போட்ட மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து கொழுத்த இறால் ஒன்று எகிறிக் குதித்து, வரதனின் ஷூவின் மேல் விழுந்து துள்ளியது.

“பயப்படாத சார், நீ சொன்ன நடுக்கடல் தண்ணிதான்.”