கௌதமன் சொன்னால் சரி

"மறுபடியும் அந்தக் கௌதமன்தானுங்க சார்," என்றாள் மெர்சி. அவளுக்குக் குரல் உள்ளே போய்விட்டது.

வம்சி அவள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான்.

பெரியநாயக்கன்பாளையம் டீம் தோற்கும், கேப்டன் சாமுவேல் ரன்னே எடுக்காமல் அவுட் ஆவான். மேட்ச் தொடங்கும் முன்பே கௌதமன் போட்டுவைத்திருந்தான். அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் ஜெயிக்கும் என்றான். ஜெயித்தது. அந்த டீம் ஆடும் மேட்ச்சுக்கு மட்டும்தான் வருவான். கொஞ்ச காலமாக அவன் வாக்கு தப்பியதே இல்லை.

நல்ல வேலையை உதறிவிட்டு, சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் வம்சி தொடங்கிய கம்பெனி அது. உள்ளூர் கிரிக்கெட் மேட்ச்சுகளில் யார் ஜெயிப்பார்கள், யார் எப்படி ஆடுவார்கள் என்று செல்போனில் கணித்துச் சொல்லும் போட்டி. நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசு, கிரைண்டர். கோயமுத்தூரில் வேறென்ன கொடுப்பார்கள்!

இப்போது கிரைண்டரெல்லாம் ஒரே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 'கம்பெனிக்காரனே ஆள் வச்சு ஆடறான்' என்று திட்டிவிட்டு ஆட்கள் கழன்றுகொண்டிருந்தார்கள். கிரைண்டர் கொடுக்கும் கோபாலசாமி கறாராகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை பைனலு. அதுக்குள்ள அந்தத் திருடனப் புடிக்கோணுங்க. இல்லீன்னா நான் வெலகிக்கறேன்."

அவர் விலகினால் வம்சி கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஞாயிறு மதியம் பெரியநாயக்கன்பாளையத்தில் கௌதமன் வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தது கௌதமனின் அம்மா, மாசாணியம்மாள்.

பட்டப்பகலிலும் வீடு இருட்டிக் கிடந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மூலையில் பிரிக்காத கிரைண்டர் பெட்டிகள். கொடியில் கௌதமன் பெயர் போட்ட பெரியநாயக்கன்பாளையம் டீம் ஜெர்சி, இப்போதுதான் துவைத்ததுபோலச் சொட்டிக்கொண்டிருந்தது.

"கௌதமனப் பாக்கணுங்க."

"இங்கதானுங்க தம்பி இருக்கறான். உக்காருங்க."

அவள் கை காட்டிய இடத்தில் மாலை போட்ட படம் மாட்டியிருந்தது.

உட்கார்ந்த வம்சி நிமிர்ந்து பார்த்தான். "எப்பங்க?"

"ஆடி பொறக்கறதுக்கு முன்னாடிங்க. பைக்ல போனவன்."

"அப்ப அவர் போன்ல ஆடறது?"

"நாந்தானுங்க அமுத்தறேன். எனக்குக் கிரிக்கெட்டெல்லாம் ஒண்ணுந் தெரியாது. அவன் சொல்லுவான், நான் அமுத்துவேன். அவ்வளவுதானுங்க."

சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. தனித்தனிக் காகிதத்தில் மடித்து, குலுக்கி, படத்துக்கு முன்னால் போட்டாள். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கோயிலில் பூக் கேட்பதை வம்சி பார்த்திருக்கிறான். செத்துப்போன பையனிடம் கேட்டு அன்றுதான் பார்த்தான்.

"கண்ணு, இன்னைக்கு நம்ம பசங்க ஜெயிப்பாங்களா?"

ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"தோத்துருவாங்களாம்."

மறுபடி குலுக்கிப் போட்டாள். "சாமுவேல் ரன் எடுப்பானா சாமி?"

அதுவும் சிவப்பு. அடுத்த அறையில் யாரோ நிற்பதுபோல அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். வம்சிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது. ஜெர்சியோடு சாமுவேல்.

"அம்மா, என்னங்க சொல்றான் கௌதமன்?"

"தோத்துருவீங்களாம் கண்ணு. நீ ரன்னே எடுக்க மாட்டியாம்."

சாமுவேல் முகம் வெளிறியது. பிறகு சிரித்துவிட்டான். "அவன் சொன்னாச் சரிதானுங்கம்மா. வாரேன்."

வம்சியும் பின்னாலேயே மைதானத்துக்குப் போனான்.

சிங்காநல்லூர் டீம் கேப்டன் ரவிதேஜா பந்து போட்டான். சாமுவேல் மட்டையை வீசினான். ஸ்டம்ப் பறந்தது. விக்கெட் எடுத்த ரவிதேஜா கைகூடத் தூக்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை கூட்டத்தில் ஒருத்தர் கைதட்டவில்லை. கடைசியில் பெரியநாயக்கன்பாளையம் தோற்றது. அப்போதும் மைதானம் இழவு வீடு மாதிரிதான் இருந்தது.

பேய் பிசாசை நம்பாத வம்சிக்கே உடம்பு சில்லிட்டது. ஆனாலும் ஒன்று உறுத்தியது. சாமுவேல் அவுட்டான பந்து, சின்னப் பிள்ளைகூட அடித்துவிடும் பந்து.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சாமுவேலை மடக்கினான்.

"கிரைண்டருக்காகவா இந்த வேலை? அந்தம்மாவும் நீங்களும் கூட்டா? இப்பவே ஆப்ல போட்டு உடைக்கறேன் பாருங்க."

சாமுவேல் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஏனுங்க, என்னையத் திருடன்னு போடுங்க. டீமையே வேணும்னாலும் போடுங்க. அந்தம்மா கண்ணுல படற மாதிரி மட்டும் போட்டறாதீங்க. மொத மேட்ச்சுல பூ சொன்னது தப்பிப்போச்சுங்க. 'எம்பையன் எங்கூடப் பேசறத நிறுத்திப்போட்டான்'னு அன்னைக்கே கெணத்துல குதிச்சுட்டாங்க. நாங்கதான் எறங்கித் தூக்குனோம். அதுக்கப்பறம் பூவைத் தப்ப உடறதில்லீங்க."

அந்த நேரம் பார்த்துக் கோபாலசாமி போனில் வந்தார். "திருடன் யாருமில்லீங்க. நீங்க வெலகறதுன்னா வெலகிக்கங்க," என்று சொல்லி வைத்துவிட்டு, வம்சி சாமுவேலிடம் திரும்பினான்.

"தோக்கச் சொன்னா நீங்க தோத்துரலாம், சரி. ஜெயிப்பீங்கன்னு சொன்னா என்னங்க பண்ணுவீங்க?"

சாமுவேல் வாயைத் திறப்பதற்குள், கையில் கோப்பையோடு ரவிதேஜா வந்துவிட்டான். ஜெயித்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"சாமு, அடுத்த வாரம் வேற கப்புலயும் திரும்ப நம்ம ரெண்டு டீமுந்தான். அம்மா பூக் கேட்டதும் எனக்கு ஒரு போனப் போட்டுரு. போன தடவ நீ லேட்டாச் சொல்லி, நாங்க தெரியாம ஜெயிக்கப் பாத்தோம்!"