முதல் மடக்கு

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டா பாரு!" என்று பல்லைக் கடித்தான் நோலன்.

போன தடவை தண்ணீருக்கு நிறுத்திப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அணிவகுப்பு இசைக்குழுவின் டிரம் வரிசைக்குக் கேப்டனான கோரா, தோளில் மாட்டியிருந்த டிரம்மை இறக்கி வைத்துவிட்டுத் தன் நீலநிறத் தண்ணீர் கேனை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாய் வைத்ததுதான் தாமதம், மற்றவர்களும் அவரவர் கேனைத் தேடி ஓடினார்கள். நோலனும்தான். திட்டுவதற்குத் தொண்டை நனைய வேண்டாமா?

இண்டியானாவில் ஆகஸ்ட் மாதத்து மத்தியானம். அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் தார் இளகிக் காலில் ஒட்டியது. சனிக்கிழமை இறுதிப் போட்டி. போன வாரம் முதலிடம் மயிரிழையில் கைநழுவியிருந்தது.

நோலனுக்கு இருபத்தொரு வயது. வயது வரம்பு என்று சொல்லி அடுத்த கோடையில் அவனை அணியில் சேர்க்க மாட்டார்கள். வருஷா வருஷம் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், பள்ளி ஜிம்களின் வெறுந்தரையில் படுத்து, ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவித் தின்று உழைத்தவன் அவன். அந்தத் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று ஒரே பிடிவாதமாக இருந்தான்.

குறுக்கே நின்றது கோராவின் தாகம்.

அந்த டிரம் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மடக்கு கேப்டனுடையது. அவர் வாய் வைக்கும்வரை மற்றவர் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்தானோ தெரியாது. முந்தைய கேப்டன்கள் எல்லோரும் இடைவேளை வரை நாக்கை நனைக்காமல் விறைத்து நிற்பார்கள். அதில் ஒரு பெருமை.

சீசன் ஆரம்பத்தில் கோரா சொல்லிப் பார்த்தாள். "இந்த வழக்கமெல்லாம் வேண்டாம். தாகம் எடுத்தா அவங்கவங்க குடிங்க."

ஒருவரும் கேனைத் தொடவில்லை. நோலன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். புதிதாகச் சேர்ந்த எலாய் அன்றைக்குத்தான் டிரம்மோடு மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸ் வந்தது.

மறுநாளிலிருந்து கோராவுக்கு இந்தத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. 'நாமும் விழுந்துவிடுவோமோ என்று பயந்துவிட்டாள்' என்று நோலன் முடிவு கட்டிவிட்டான்.

"இவ கேப்டனா, ஒட்டகமா?" என்றான் சத்தமாக.

"சும்மா ஒட்டகத்தை இழுக்காதே. அது ஒரு தடவை குடிச்சா ஒரு வாரம் தாங்கும்" என்றான் பக்கத்திலிருந்தவன். வரிசை முழுக்கச் சிரித்தது.

கோரா கேனைக் கீழே வைத்தாள். "சிரிச்சது போதும். டிரம்மை மாட்டுங்க. மூணாவது பாகம், முதல்லேருந்து. நோலன், உன் இடது கை கொஞ்சம் பிந்துது, கவனி."

அவ்வளவுதான், நோலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் கையை விடு. நீ குடிச்சுத் தீர்த்த நேரத்துல நாம எத்தனை தடவை வாசிச்சிருக்கலாம்! சனிக்கிழமை தோத்தா யார் பதில் சொல்றது?"

"நான்தான்."

"நீ பதில் சொல்லிட்டா எனக்குப் பதக்கம் வந்துடுமா? எனக்கு இதுதான் கடைசி வருஷம், கோரா!" சட்டென்று வரிசைப் பக்கம் திரும்பினான். "கேப்டனை மாத்தணும்னு நினைக்கிறவங்க குச்சியைக் கீழே போடுங்க."

அதுவும் அந்த வரிசையின் வழக்கம்தான். பாதிப் பேருக்கு மேல் குச்சியைப் போட்டுவிட்டால், கேப்டன் பதவி அந்த நிமிடமே போய்விடும்.

முதலில் நோலனின் குச்சிகள் விழுந்தன. பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். இன்னும் ஒரே ஒருவர் போட்டால் போதும். எலாய் குச்சிகளை இறுகப் பிடித்துக்கொண்டு தயங்கினான்.

"என்னடா யோசிக்கிறே?" என்றான் நோலன்.

"பாவம்டா. அவளும் நம்மளோடதானே வெயில்ல நிக்கறா..."

"நிக்கறாளா? குடிச்சுக்கிட்டே நிக்கறா! இரு, உனக்குக் காட்டறேன்." நோலன் பாய்ந்து போய்க் கோராவின் கேனை எடுத்து மூடியைத் திருகினான். "இதை இப்பவே கொட்டிடறேன். தண்ணியில்லாம இவ அடுத்த இடைவேளை வரைக்கும் நின்னு காட்டட்டும். நின்னுட்டா, இவதான் கேப்டன்!"

"நோலன், வேண்டாம். கீழே வை." முதல்முறையாகக் கோரா பதறினாள்.

அந்தப் பதற்றம் அவனுக்கு இனித்தது. எல்லோருக்கும் தெரியும்படி கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

குலுக்கினான். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். காய்ந்து கிடந்தது.

"இது... எப்போ காலியாச்சு?"

"சாப்பாட்டு நேரத்துலேயே. நீங்க எல்லாம் தண்ணி பிடிக்கப் போனீங்க. நான் இங்கே நாம நிக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் புள்ளி வெச்சுக்கிட்டிருந்தேன். குழாய் அந்தக் கோடியில இருக்கு. போயிட்டு வர்ற நேரத்துக்கு இன்னொரு தடவை வாசிச்சுடலாமேன்னு விட்டுட்டேன்."

"அப்போ இவ்வளவு நேரமா என்னத்தைத்தான் குடிச்சே?"

கோரா வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

"நான் கேனைத் தூக்கலைன்னா, நீங்க ஒருத்தரும் தூக்க மாட்டீங்களே!"