கதவுக்கு இந்தப் பக்கம்

அடம்பிடிக்கும் பிள்ளைக்கு மருந்து கண்டுபிடித்தவர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கந்தப்பன் ஒருவர்தான். மருந்து, அதட்டல்.

“அடம் பிடிச்சா கூடவே தரையில உக்கோந்து, இதா அதான்னு ரெண்டு வழி சொல்லிக் கேக்கோணுமாம். இதையும் புஸ்தகத்துல போட்டிருக்கறான் பாரு” என்று நேற்றுத்தான், வீட்டில் கிடந்த பாடப்புத்தகத்தைப் புரட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்று காலை மகள் அக்ஷயா ஓடிவந்தாள். “அப்பா, பரீட்சைக்குப் போகமாட்டேன்னு கதவைச் சாத்திட்டு ஒரே அழுகைங்க. எல்லாரும் சிரிக்கறாங்களாம்.”

“கதவைத் தொற” என்று அதட்டினார். உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.

மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டு, வேட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்தார்.

“அழுகாத கண்ணு. இனி ஆரும் சிரிக்கமாட்டாங்க. பஸ்ஸுல போலாமா, ஸ்கூட்டர்ல போலாமா?”

கதவு திறந்தது. குழந்தை வளர்ப்புப் பட்டப்படிப்பின் ஹால் டிக்கெட்டோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள் அவர் மனைவி ராசாத்தாள். வயது நாற்பத்து நான்கு.

“ஸ்கூட்டருங்க.”