ராசியான கால்

தெத் புத்தாண்டின் முதல் நாள் காலை. புதுச் சட்டையும் பளபளக்கும் பெல்ட்டுமாக, பாங் அண்ணன் வீட்டு வாசலில் உள்ளே போக மனமில்லாமல் நின்றேன்.

இந்த வருஷம் அந்த வீட்டை முதலில் மிதிக்கப்போகிற கால் என்னுடையது. ஒரு மாதம் முன்னதாகவே அண்ணன் வந்து கேட்டுக்கொண்டு போயிருந்தார்.

முதலில் நுழைகிறவனின் ராசிதான் வருஷம் முழுக்க அந்த வீட்டில் தங்கும். எங்கள் சந்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். துக்க வீட்டுக்காரனும் குடும்பம் குலைந்தவனும் அன்றைக்கு அடுத்தவர் வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

போன வருஷம், விவாகரத்துக்குக் கோர்ட்டில் அலைந்துகொண்டிருந்த ஒரு சொந்தக்காரர் அழைக்காமலே அண்ணன் வீட்டுக்குள் முதலில் நுழைந்துவிட்டார். கோடைக்குள் அந்த வீட்டு மருமகள் லுவாவுக்குக் கரு கலைந்தது. எல்லோரும் அவர் மேல் பழி போட்டார்கள். நானும் சேர்ந்துதான் போட்டேன்.

இப்போது லுவாவுக்கு மறுபடி எட்டாம் மாதம்.

அதனால்தான் நான். ஜப்பானில் வேலை பார்க்கும் மகன், ஹனோயில் புகுந்த வீட்டில் மகள், நன்றாக ஓடுகிற இரும்புக் கடை, இத்தனை வருஷமாக ஒரே மனைவியோடு குடித்தனம். "உனக்கு ராசியான காலுப்பா" என்று சந்தே சொல்லும். பொய் சொல்வானேன், கேட்கக் கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

முந்தாநாள் என் மனைவி தோவா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இலையில் கட்டிய கொழுக்கட்டைப் பானை கொதித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பை அணையவிட்டாள் என்று ஒரு சண்டை. எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள் என்று இருந்துவிட்டேன். போன்கூடப் பண்ணவில்லை. வீம்பு.

வர முடியாது என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குள் என் பீடையைக் கொண்டுபோகத் துணிந்துவிட்டேன். சீ, நானும் ஒரு மனுஷனா?

"என்ன தம்பி, மாப்பிள்ளை மாதிரி வாசல்லயே நிக்கிற? நல்ல நேரம் போகுதுப்பா, காலை எடுத்து வெச்சு வா!" என்றார் அண்ணன்.

வைத்தேன்.

அப்புறம் வாய் தானாக ஓடியது. ஆயுசு நூறு, தொட்டதெல்லாம் லாபம், கொழுகொழுவென்று பேரக்குழந்தை. ஒவ்வொரு வாழ்த்துக்கும் நாக்கு கூசியது. லுவாவின் கையில் புத்தாண்டுப் பணம் வைத்த சிவப்பு உறையைக் கொடுத்தபோது அவள் வயிற்றைப் பார்க்க முடியவில்லை. அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன்.

தோவா ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். "தோவா மூங்கில் குருத்து சூப் வெச்சிட்டிருக்கா. அடுப்பை விட்டு நகர மாட்டேங்கிறா. ஓசியில கிடைக்குதேன்னு ஊத்திக்காதேன்னு எனக்கு ஒரு பாட்டு விட்டுத்தான் அனுப்பினா."

நானே சிரித்தேன். அண்ணன் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊற்றினார். அண்ணி எதையோ எடுக்க உள்ளே போய்விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று மூச்சு விட்டேன்.

கிளம்பும்போது வழியனுப்ப லுவா கேட் வரைக்கும் வந்தாள்.

எதிர் வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து கத்தினாள். "என்ன லுவா, ராசிக்காரர் வந்தாச்சா? இனிமே உனக்கென்னடி கவலை!"

லுவா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறாமலே என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"சித்தப்பா, சிரிச்ச மாதிரியே கேளுங்க, அவங்க பாக்குறாங்க. சித்தி எங்க மாடியிலதான் இருக்காங்க. முந்தாநாள்ல இருந்து."

மாடிப்படி நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் பின்னால். சூப் கதை முழுவதையும் தோவா கேட்டிருப்பாள். வெட்கத்தில் காது எரிந்தது.

"தெரிஞ்சேவா என்னை உள்ள கூப்பிட்டீங்க? உனக்கு இந்த நேரத்துல..."

"மாமா வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் பிடிவாதமா கூப்பிடச் சொன்னேன். நீங்கதான் வர்றீங்கன்னு சந்து பூரா தெரியும். வரலைன்னா ஏன்னு துருவுவாங்க."

அண்ணன் மகள் மாதிரி வளைய வருகிற பெண். தன் பிள்ளையின் ராசியைப் பணயம் வைத்து என் மானத்தைக் காத்திருக்கிறாள். என் கண் கலங்கிவிட்டது.

"என்னைக் காப்பாத்திட்டேம்மா."

"உங்களை இல்ல, சித்தப்பா."

தெத் அன்றைக்கு யாரும் யாரையும் கடிந்து பேசக் கூடாது. அவள் குரலிலும் துளிக் கோபம் இல்லை.

"இந்த முகத்தோட பண்டிகையன்னைக்குப் பொறந்த வீட்டுப் படி ஏற முடியாதுன்னு சித்தி ராத்திரியெல்லாம் அழுதாங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா அப்புறம் அவங்க இந்தச் சந்துல எப்படி நடப்பாங்க? கன்னத்து வீக்கம் வடியட்டும். வர்றதா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."



எதிர் ஜன்னலிலிருந்து அந்த அம்மா கையை ஆட்டி எனக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னாள். பதில் வாழ்த்துச் சொல்ல நானும் கையைத் தூக்கினேன்.

லுவா சட்டென்று வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள்.