முரசுக்குள் ஒரு மீன் முள்

இதை எனக்கு முதலில் சொன்னது தவமலர். போன கந்தசஷ்டி ஐந்தாம் நாள், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மோர்டனில், எங்கள் கோயில் மடப்பள்ளியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது.

"அக்கா, செல்வரத்தினம் மாமா விரதமாம் விரதம்! அவற்ற பல் முரசுக்குள்ள இருந்து என்ன வந்தது தெரியுமோ?"

செல்வரத்தினம் அண்ணையைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். சஷ்டி ஆறு நாளும் பின்னேரப் பூசைக்கு வாசலில் நின்று, மச்ச மாமிசம் சாப்பிட்டவர் ஆரும் உள்ளே போகாமல் பார்க்கிறவர். முருகன்கூட அவரைக் கேட்டுத்தான் உள்ளே போயிருப்பார். முந்தின வருடம், வேலையிடத்தில் முட்டை போட்ட கேக் தின்றதை வாய்தவறிச் சொன்ன தவமலரையே திருப்பி அனுப்பினார்.

போன சஷ்டியின் கடைசி நாள், சூரசம்ஹாரம் நடக்கிற சூரன்போரில் வேல் தாங்கிப் போகிற முறை அவருக்கு. பன்னிரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தது.

நாலாம் நாள் பல்லீறு, அதுதான் முரசு, வீங்கி, தேவாரம் பாட வாய் திறக்க ஏலாமல் போயிற்று. "பட்டினி கிடந்தே முரசு வீங்கியிட்டுது, என்ன பக்தி!" என்று சனம் உருகியது. அவருக்கு இங்கிலீசு ஓடாது. பக்கத்து வீட்டுத் தவமலர்தான் மொழிபெயர்க்கப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனாள்.

அங்கே வெள்ளைக்கார டொக்டர் பெண், பல் துலக்கும் பிரஷ் தலை அளவில் ஒரு கருவியை எடுத்தாள்.

"ஸ்கானாம் மாமா. எக்ஸ்ரேயில எலும்புதான் வடிவாத் தெரியுமாம். இதில முரசுச் சதையும் தெரியுமாம். நோகாதாம்."

"பிள்ளைத்தாச்சிக்கு வயித்தில வைக்கிறதை எனக்கு வாய்க்குள்ள வைக்கிறாவோ?"

"அதின்ர குட்டி மாமா. வாயைத் திறவுங்கோ."

"பொறு பிள்ளை. அவ பூசிற ஜெல் தொண்டைக்குள்ள போனா விரதம் முறியுமோ எண்டு கேள்."

தவமலர் கேட்டாள். டொக்டர் பாவம், அவள் படிப்பில் அந்தப் பாடம் இல்லை.

திரையில் சாம்பல் நிறத்தில் முரசு. கீழே பல்லைத் தாங்குகிற எலும்பு. எலும்பு கரையவில்லை, பல்லுக்குப் பயமில்லை என்றாள் டொக்டர். பிறகு ஓர் இடத்தை விரலால் தொட்டாள். சதைக்குள் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

விறைக்க ஊசி போட்டு, இடுக்கியால் இழுத்து, பஞ்சில் வைத்தாள். மீன் முள்.

"கடைசியா எப்ப மீன் சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறா மாமா."

அண்ணை பஞ்சையும் பார்த்தார், தவமலரையும் பார்த்தார்.

"ஞாபகமில்லை எண்டு சொல்லு பிள்ளை."

"ஞாபகமில்லையாம்!" மடப்பள்ளியில் தவமலர் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். "பாலும் பழமும் எண்டு ஊருக்குச் சொன்னவருக்கு!"

நானும் சிரித்தேன். அதோடு விடாமல் நாலு பேருக்குச் சொன்னேன், முருகன் மன்னிக்கட்டும். பின்னேரத்துக்குள் மோர்டன் முழுக்கத் தெரிந்துவிட்டது. நிர்வாகம் அவசரமாகக் கூடி, வேல் தாங்கும் முறையை இன்னொருவருக்குக் கொடுத்தது.

சூரன்போரன்று அண்ணை கோயில் பக்கமே வரவில்லை. "எந்த முகத்தோட வாறது?" என்று நாங்கள் வாசலில் நின்று பக்தியோடு சிரித்தோம்.

அன்று மத்தியானம் தவமலர் சேலை மாற்ற வீட்டுக்கு ஓடினாள். அவள் அப்பாவுக்கு மறதி வருத்தம், முதுமையில் வந்த நோய். அவருக்கு விரதம் கிடையாது, மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. அவள் பகலில் வெளியே போகிற நேரங்களில் துணைக்கு வந்து இருக்கிறவர் செல்வரத்தினம் அண்ணைதான்.

மேசையில் இரண்டு தட்டு.

"நீ முதல் தின் செல்வம்," என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "இவள் தவமலர் குழம்புக்குள்ள நஞ்சு போட்டிருக்கிறாள். நீ திண்டாத்தான் நான் தின்னுவன்."

அண்ணை வீங்கின கன்னத்தோடு ஒரு வாய் மென்று விழுங்கினார்.

"பார், நான் சாகேல்லை. இனி நீ."

பிறகுதான் கதவடியில் நின்றவளைக் கண்டார்.

"ஏன் மாமா சொல்லேல்லை? டொக்டரிட்டயாவது..."

"டொக்டருக்குச் சொல்லுறதெண்டா உனக்கெல்லோ பிள்ளை முதல் சொல்ல வேணும், கொப்பர் உன்னை இப்பிடி நினைக்கிறார் எண்டு."

"வேல் போச்சே மாமா!"

"மீன் திண்ட ஆக்களை வாசலில மறிச்சனான். எனக்கு மட்டும் வேற சட்டமே?"

இதையும் தவமலர்தான் எனக்குச் சொன்னாள், அழுது அழுது. "எல்லாருக்கும் சொல்லுங்கோ அக்கா" என்றாள். முதல் கதை மோர்டனைச் சுற்றிவர ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. இது மட்டும் இன்னும் எங்கள் தெருவைத் தாண்டவில்லை.

முதல் பாதியை நீங்கள் ஆருக்காவது சொல்லியிருந்தால், அவர்களுக்கு இந்த மிச்சத்தையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.